கடைமடை

செவலையை எங்கள் வீட்டு நாய் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் அம்மா ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள். தெருவில் ஆறேழு நாய்கள் இருந்தன. அதில் ஒன்று எங்கள் திண்ணையோரம் படுக்கும், அவ்வளவுதான். மீன் கழுவிய தண்ணீரையும் செதிலையும் அம்மா கொல்லையில் கொட்டும் நேரம் அதற்குத் தெரியும். மற்றபடி ஒட்டுமில்லை, உறவுமில்லை.

2023 டிசம்பர் 20ஆம் தேதி திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி. மூன்று பக்கம் தமிழ்நாடும் ஒரு பக்கம் கடலுமாகக் கிடக்கும் இந்தச் சிறு புதுச்சேரித் துண்டுக்குச் சாதாரண நாளிலேயே வெள்ளிக்கிழமை இரவிலிருந்து சனீஸ்வரனுக்கும் சரக்குக்கும் சேர்த்து வண்டிகள் வரும். பெயர்ச்சிக் காலத்தில் கேட்கவே வேண்டாம், காரைக்காலில் சாலையைக் கடப்பதே ஒரு பரிகாரம். அந்த வாரத்தில் ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு வெளியே அந்த அலறல் கேட்டது. டார்ச் எடுத்துக்கொண்டு ஓடினோம். வண்டி போய்விட்டிருந்தது. செவலை முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, பின்பாதியை ஈரத்துணி மாதிரி இழுத்துக்கொண்டு சாக்கடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

நான் தூக்கப் போனேன். "தூக்காத. பலகை கொண்டா" என்றாள் அம்மா. என் துப்பட்டாவை உருவி அதன் வாயைச் சுற்றிக் கட்டினாள். கடிக்காமலிருக்கத்தான், மூச்சு விட இடம் விட்டு. பிறகு இரண்டு பேரும் சேர்ந்து உடம்பு வளையாமல் பலகைக்கு நகர்த்தினோம். முதுகெலும்பில் அடிபட்டிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் அப்படித்தான் செய்ய வேண்டும் என்பதைப் பிறகு பல இடங்களில் படித்தேன். அம்மா எங்கே படித்தாள் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

முதலில் பார்த்த கால்நடை மருத்துவர் பின்னங்காலை அழுத்திப் பார்த்துவிட்டு, "தெரு நாய்தானே, கஷ்டப்படுத்தாம ஊசி போட்டுடலாமே" என்றார். அவரைக் கொடுமைக்காரராக எழுத எனக்கு மனம் வரவில்லை. நடக்க முடியாத ஒரு தெரு நாயை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான் அவருடைய கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு அம்மாவின் முகத்தைப் பார்க்காமலேயே அவர் விடையும் வைத்திருந்தார்.

மறுநாள் வாடகைக் கார் எடுத்து ஒரத்தநாட்டுக்குப் போனோம். அங்கே 2012இல் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது. எங்கள் ஊரிலிருந்து திருவாரூர், மன்னார்குடி வழியாக ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். அப்பா வரவில்லை. "நாய்க்கு டாக்ஸியா" என்று கேட்டுவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார்.

அங்கே என்னைவிட இளையவளாக இருந்த ஒரு மருத்துவர் செய்து காட்டிய சோதனை எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பின்னங்கால் விரலை லேசாகக் கிள்ளினார். கால் வெடுக்கென்று உள்ளே போனது. நான் சந்தோஷப்பட்டேன். "இது கணக்கில்ல. இது முதுகுத்தண்டு தானா செய்யறது. மூளைக்குத் தெரியணும்னு அவசியமில்ல" என்றார். அப்புறம் இடுக்கியை எடுத்து விரலெலும்பை அழுத்தமாகப் பிடித்தார். செவலை தலையைத் திருப்பி, பல்லைக் காட்டி, வீலென்று கத்தியது. மருத்துவர் சிரித்தார். "இதுதான் வேணும்" என்றார்.

ஆழ்வலி உணர்வு என்று அதற்குப் பெயர். காலை இழுத்துக்கொள்வது வேறு, வலிக்கிறது என்று தெரிந்து கத்துவது வேறு. கத்தினால் பாதத்திலிருந்து மூளை வரை ஏதோ ஓர் இழை இன்னும் அறாமல் இருக்கிறது என்று பொருள். கத்துகிற நாய்க்கு மறுபடி நடக்கும் வாய்ப்பு அதிகம். எவ்வளவு அழுத்தினாலும் சும்மா இருக்கும் நாய்க்குத்தான் நம்பிக்கை குறைவு. வலித்தால் பல்லைக் கடித்துக்கொள் என்று சொல்லி வளர்க்கப்பட்ட இரண்டு பெண்கள் அந்த அறையில் நின்று ஒரு நாய் கத்தியதற்கு மகிழ்ந்தோம்.

எக்ஸ்ரேயில் எலும்பு விலகவில்லை. தண்டில் அடியும் வீக்கமும். மருந்து கொடுத்தார்கள். நாலு வாரம் அசையாத ஓய்வு, அதன் பிறகு பயிற்சி. எல்லாவற்றையும்விட முக்கியமானதாக மருத்துவர் சொன்னது சிறுநீர்ப்பை. அது தானாகக் காலியாகாது, நாம்தான் ஒரு நாளைக்கு நாலு தடவை பிதுக்கி எடுக்க வேண்டும். சொல்லிக் கொடுக்கிறேன் என்று அவர் கையைக் கொண்டுவருவதற்குள் அம்மா செவலையின் வயிற்றை இரண்டு பக்கமும் உள்ளங்கையால் தடவிப் பார்த்து, "நெறஞ்சு கல்லாட்டம் இருக்கு. சொட்டுச் சொட்டா வருதேன்னு விட்டுடக் கூடாது. சொட்டுதுன்னா வழியுதுன்னு அர்த்தம், காலியாவுதுன்னு அர்த்தமில்ல" என்று சொல்லிக்கொண்டே மெதுவாக, ஒரே சீராக அழுத்தினாள்.

மருத்துவர் அம்மாவைப் பார்த்தார். "அம்மா, நீங்க நர்ஸா இருந்தீங்களா? யாரு சொல்லிக் குடுத்தா?"

"எங்க மாமியாருதான்."

*

அப்பாயி 2009இல் கொல்லையில் வழுக்கி விழுந்தார். தொடையெலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிந்தது. அறுவை சிகிச்சை செய்யலாம் என்றார்கள். அப்பாவும் இரண்டு சித்தப்பாக்களும் கூடத்தில் உட்கார்ந்து பேசினார்கள். எழுபத்தாறு வயசு, இனிமேல் அது எதுக்கு, அறுத்துப் போட்டு அவஸ்தைப்படுத்தவா, படுக்கையிலேயே நல்லாப் பாத்துக்கலாம். "பாத்துக்கலாம்" என்ற சொல்லில் எழுவாய் இல்லை என்பதை நான் தமிழ் இலக்கணத்தில் படித்ததைவிட அன்று கூடத்தில்தான் நன்றாகப் படித்திருக்க வேண்டும். அம்மா அடுக்களையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை.

பின்கட்டு அறையில் கட்டில் போட்டார்கள். நாலு வருஷம், ஏழு மாசம். இரண்டு மணிக்கு ஒரு தரம் பக்கம் மாற்றிப் படுக்கவைப்பது, எலும்பு துருத்தும் இடங்களில் தலையணைத் துண்டு வைப்பது, துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிடுவது, சிவந்த இடத்தைத் தேய்க்காமல் காற்றாட விடுவது, அடிவயிற்றைத் தொட்டுப் பார்ப்பது. அப்பாயிக்கு முதுகில் ஒரு புண் வரவில்லை. சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, "மகனுங்க நல்லா வச்சிருக்கானுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அப்பாயி ஒன்றுதான் திரும்பத் திரும்பக் கேட்பார். "ஏம்மா, என்ன ஒரு தரம் நிக்க வச்சுப் பாரேன்." அம்மாவால் தனியாக முடியாது. எனக்கு அப்போது கல்லூரி. பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பேன். பிசியோதெரபி என்ற சொல் அந்த வீட்டில் ஒரு தடவைகூட உச்சரிக்கப்பட்டதில்லை. முதன்முதலில் உச்சரிக்கப்பட்டது ஒரு நாய்க்காக. அதை உச்சரித்தவளும் நான்தான்.

*

தண்ணீர் யோசனை பிரான்சிலிருந்து வந்தது. காரைக்காலில் இது ஒன்றும் அதிசயமில்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டைச் சொல்தா வீடு என்பார்கள். அந்த வீட்டுத் தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்தவர். 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்து, 1962இல் சட்டப்படி முடிவான பிறகும் பிரெஞ்சுக் குடியுரிமையை விடாமல் வைத்துக்கொண்ட குடும்பங்களில் ஒன்று. அந்த வீட்டு அக்கா பாரிஸுக்குப் பக்கத்தில் இருக்கிறார். அவர் வளர்க்கும் குட்டைக்கால் டாக்ஸ்ஹுண்டுக்கு முதுகுத்தட்டு பிதுங்கி ஆபரேஷன் ஆகியிருந்தது. நீள முதுகு நாய்களுக்கு அந்த நோய் அதிகம் வரும். அக்கா வீடியோ அனுப்பினார். கண்ணாடிப் பெட்டி, உள்ளே ஓடும் பட்டை, இடுப்பளவு தண்ணீர். நாய் அதில் ராஜாத்தி மாதிரி நடந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கையுறை போட்ட ஒரு பெண் தண்ணீருக்குள் கைவிட்டு அதன் பின்பாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

நான் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தேன். அம்மா அந்தப் பெண்ணின் கையைப் பார்த்தாள். "அவ பாதத்தத் திருப்பி நேரா வைக்கிறா பாரு, வெரலு மடங்காம" என்றாள்.

நீர்ச் சிகிச்சையின் கணக்கு எளிமையானது. தண்ணீர் உடம்பைத் தூக்கிக்கொள்ளும். எவ்வளவு தூக்கும் என்று நாய்களை நிறுத்தியே அளந்து பார்த்திருக்கிறார்கள். 2010இல் வெளியான அந்த அமெரிக்க ஆய்வின்படி, தண்ணீர் பின்னங்கால் கணுக்கால் வரை இருந்தால் நாயின் கால்கள் எடையில் 91 சதவீதத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. முழங்கால் வரை என்றால் 85. இடுப்பு வரை ஏற்றினால் 38தான். நிற்கவே முடியாத காலுக்கு, பாதிக்கும் குறைவான உடம்பைத் தாங்கி நிற்கும் ஒரு வாய்ப்பு. அதோடு தண்ணீர் ஒவ்வொரு அசைவையும் மெதுவாக எதிர்த்துத் தள்ளுவதால் சூம்பிய தசைக்கு வேலை கிடைக்கிறது. வெதுவெதுப்பு இறுக்கத்தைத் தளர்த்துகிறது. விழுந்தாலும் அடிபடாது. பயம் குறைகிறது.

நீந்தவிட்டால் போதும் என்று நான் நினைத்திருந்தேன். அது சரியில்லையாம். ஆழத்தில் விட்டால் நாய் முன்னங்காலாலேயே சமாளித்துக் கரையேறிவிடும், பின்னங்கால் பின்னால் மிதந்து வரும். பாதம் தரையைத் தொட வேண்டும். முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியிலேயே நடப்பதற்கான நரம்புச் சுற்றுகள் இருக்கின்றன. மேலேயிருந்து மூளையின் உத்தரவு முழுசாக வராவிட்டாலும், பாதத்தை வைத்து எடுத்து வைத்து எடுத்து என்று பழக்கிக்கொண்டே இருந்தால் அவை விழித்துக்கொள்ளக்கூடும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும், மாதக்கணக்கிலும் ஆகும்.

இதை அம்மாவுக்கு விளக்கினேன். கேட்டுவிட்டு, "மேட்டூர்ல தொறந்தா நம்மூருக்கு எப்ப வருது? நடுவுல எத்தன மடை, எத்தன அடைப்பு. கடைமடைக்காரி அவசரப்படக் கூடாது" என்றாள். அதிலிருந்து செவலையின் பின்னங்காலுக்கு எங்கள் வீட்டில் கடைமடை என்றே பெயராகிவிட்டது. "கடைமடைக்கு இன்னிக்கு எதாச்சும் வந்துச்சா?" என்பேன் ஆபீஸிலிருந்து வந்ததும். பொங்கலுக்கு மறுநாள் வந்தது. வாலின் நுனி ஆடியது. அம்மாவைப் பார்த்துத்தான் ஆடியது.

கடலில் இறக்கலாமே என்று பலர் சொன்னார்கள். மருத்துவர் வேண்டாமென்றார். அலை நம் சொல் கேட்காது, இடுப்பளவு என்று நிற்காது. அதோடு 2004க்குப் பிறகு அம்மா கடலில் கால் நனைத்ததில்லை. கொல்லையில் நெல் ஊறப்போடும் சிமென்ட் தொட்டி இருந்தது. எட்டடி நீளம், நாலடி அகலம், ஓரத்தில் ஏறி இறங்கக் கருங்கல் படி. வீட்டில் நெல் அவிப்பது நின்று இருபது வருஷத்துக்கு மேலாகிறது. தொட்டிக்குள் தேங்காய் மட்டையும் பல்லியும் கிடந்தன. அப்பாயியும் அம்மாவும் மூட்டை மூட்டையாக நெல்லைக் கொட்டி, ஊறவைத்து, விடியற்காலை மூணு மணிக்கு அண்டாவில் ஏற்றிய தொட்டி அது. அம்மாவின் முதுகுவலி அந்தத் தொட்டியில் தொடங்கியதென்று அவளே சொல்வாள். பின்கட்டு அறை அதை முடித்து வைத்தது.

தொட்டியைத் தேய்த்துக் கழுவினோம். அடியில் வழுக்காமலிருக்கக் கயிற்றுப் பாய், அது மிதக்காமலிருக்க ஓரங்களில் செங்கல். மாடித் தொட்டித் தண்ணீர் மாசி வெயிலில் பிற்பகலுக்குள் நன்றாகச் சூடேறிவிடும். 28இலிருந்து 32 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று படித்துத் தெர்மாமீட்டர் வாங்கினேன். அம்மா குழந்தைக்குக் குளிப்பாட்டுகிற மாதிரி முழங்கையை விட்டுப் பார்த்துச் சரியென்பாள். தெர்மாமீட்டரும் சரியென்னும். ஒரு வாரத்தில் தெர்மாமீட்டரை அலமாரியில் வைத்துவிட்டேன். மீன் கொண்டுவரும் அக்கா கிளிஞ்சல்மேட்டிலிருந்து வலையில் கட்டுகிற மிதவைகள் நாலைந்து எடுத்துவந்தார். அவற்றை ஒரு பழைய பாவாடை நாடாவில் கோத்து மார்பைச் சுற்றிக் கட்டினோம். வயிற்றுக்கடியில் தூளி மாதிரி அம்மாவின் நூல் புடவை. புண் இருந்தால் தண்ணீரில் இறக்கக் கூடாது, சிறுநீர்த் தொற்று இருந்தால் கூடாது, சாப்பிட்டவுடன் கூடாது. முதல் நாள் மூன்று நிமிஷம். அதற்குமேல் வேண்டாமென்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தண்ணீரில் களைப்பு நாய்க்கும் தெரியாது, நமக்கும் தெரியாது, வெளியே எடுத்த பிறகுதான் தெரியும்.

அந்த மூன்று நிமிஷத்தில் செவலை நின்றாள். (எப்போது "அது" போய் "அவள்" வந்தது என்று எனக்கு நினைவில்லை. தொட்டிக்கு முன்னால்தான் இருக்க வேண்டும்.) புடவையைத் தளர்த்திப் பார்த்தோம். நாலு காலும் பாயில் இருந்தன. காது இரண்டையும் பின்னுக்கு மடித்துக்கொண்டு, யாரோ தன்னை ஏமாற்றுகிறார்கள் என்பதுபோல எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அம்மா தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "இப்புடித் தண்ணியில நிக்க வச்சிருந்தா அவங்களும் நின்னிருப்பாங்களோ" என்றாள்.

எனக்கு உடனே பதில் தெரியும். தெரிந்ததுதான் கஷ்டம். அப்பாயிக்கு முறிந்தது எலும்பு. சேர்க்காத எலும்பைத் தண்ணீர் ஒன்றும் செய்திருக்காது. "இல்லம்மா, அது வேற" என்றேன். அதைச் சொன்னேன். மீதியைச் சொல்லவில்லை. அந்த முறிவுக்கு அறுவை சிகிச்சை செய்தால் மறுநாளே எழுப்பி நிற்கவைக்க வேண்டும் என்பதுதான் இன்றைய மருத்துவம். எண்பதைத் தாண்டியவர்களையும் நிற்கவைக்கிறார்கள். அம்மாவின் நாலு வருஷ உழைப்புக்கு முன்னால், கூடத்தில் காப்பி குடித்தபடி எடுக்கப்பட்ட ஒரு முடிவு இருந்தது. அதைச் சொல்லி அவளுக்கு என்ன ஆகப்போகிறது என்று அப்போது நினைத்தேன். இப்போது அது எனக்கு அத்தனை நிச்சயமாக இல்லை.

*

இந்தக் கட்டுரையை முதலில் எழுதியபோது எல்லா இடத்திலும் "நாங்கள்" என்று எழுதியிருந்தேன். நாங்கள் பிதுக்கினோம், நாங்கள் நடக்கவைத்தோம். பிறகு தேதிகளைச் சரிபார்க்க அந்த நாற்பது பக்க நோட்டை எடுத்தேன். மருத்துவர் குறித்துவைக்கச் சொன்ன நோட்டு. காலை ஆறு மணி என் கையெழுத்து. பகல் பதினொன்று அம்மா. மாலை நாலு அம்மா. இரவு ஒன்பது பாதி நான், பாதி அம்மா. பக்கம் மாற்றிப் படுக்கவைத்ததை நான் குறிக்கவே இல்லை. அம்மா சின்னச் சின்னக் கோடுகளாகப் பால்கணக்கு மாதிரி போட்டிருந்தாள். ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது. தொட்டியில் வாரம் மூன்று நாள் என்பது எங்கள் திட்டம், நான் வீட்டிலிருக்கும் மாலைகளில். ஆனால் நான் ஆபீஸிலிருந்த செவ்வாய், வியாழனிலும் "தண்ணி 7 நிமி", "தண்ணி 10 நிமி" என்று அம்மாவின் எழுத்து இருந்தது. பதினாறு கிலோ நாயை எப்படித் தூக்கி இறக்கினாள்? கேட்டேன். மீன் விற்று முடித்துத் திரும்பும்போது அந்த அக்கா ஒரு கை பிடிப்பாராம். கூடையைப் படியில் வைத்துவிட்டு, கால் மணி நேரம். எனக்குத் தெரியவே தெரியாது.

என் பங்கு கார் வாடகை, மருந்துச் செலவு, இரவில் ஃபோனில் ஆய்வுகளைப் படிப்பது. அப்பாவின் பங்கு மோட்டார் போடுவது. ஸ்விட்சைத் தட்டிவிட்டுத் தண்ணீர் நிரம்பும்வரை ஈஸிசேரில் இருப்பார். இதை அவர் டீக்கடையில் விரிவாகச் சொல்லியிருக்க வேண்டும். சித்திரையில் ஒரு கல்யாண வீட்டில், "ஒங்க வீட்டுக்காரரு முடங்குன நாய நடக்க வச்சுட்டாராமே!" என்று ஒருவர் அம்மாவிடமே கேட்டார். "ஆமாங்க" என்றாள் அம்மா. அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அந்தக் காசுக்கு ஒரு ஏழப் புள்ளயப் படிக்க வைக்கலாமே" என்று கேட்டவர்களும் உண்டு. அவர்கள் யாரும் ஒரு பிள்ளையைப் படிக்கவைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

பெண்கள் செய்யும் பராமரிப்பு ஆண்களுக்கானது என்றால் கடமை. மாமியாருக்கானது என்றால் குடும்ப லட்சணம். நாய்க்கானது என்றால் வேலையற்ற வேலை. மூன்றிலும் கை செய்வது ஒன்றேதான், அழுத்தம்கூட ஒன்றேதான். பாரிஸில் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் பெண்ணுக்கு அதற்குப் படிப்பு இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, மாலையானால் கையுறையைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

*

ஆனிப் பௌர்ணமிக்கு மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழத்தை இறைப்பார்கள், கீழே சேலைத் தலைப்பை ஏந்திக்கொண்டு பெண்கள் நிற்பார்கள். பழம் கிடைத்தால் கல்யாணம் ஆகும், பிள்ளை பிறக்கும். புருஷன் பயந்து விலகிப் போனதும் இந்த உடம்பே எனக்கு வேண்டாம் என்று பேயுருவைக் கேட்டு வாங்கிக்கொண்டு, கயிலாயத்துக்குக் காலால் போவது தகாதென்று தலையால் நடந்துபோன ஒருத்தியிடம் எங்களூர்ப் பெண்கள் கேட்பது அதைத்தான். நானும் ஏந்தியிருக்கிறேன், பழமும் கிடைத்தது, அதை நானே தின்றேன்.

முன்பு செவலை முன்னங்காலால் இழுத்துக்கொண்டு திரிந்த நாட்களில் அம்மா சொல்வாள், "அம்மையாரு தலையால நடந்தாங்க. இவ கையால நடக்கறா. நடக்கறவளுக்கு எது இருக்கோ அதுதான் காலு." 2024 மாங்கனிக்கு அவள் நாலு காலிலும் நடந்தாள். நன்றாக என்று சொல்ல மாட்டேன். குடித்தவன் மாதிரி பின்பாதி ஒரு பக்கம் போகும், முன்பாதி திரும்பிப் பார்க்கும். வலது பின்பாதம் இன்றைக்கும் சில சமயம் விரல் மடங்கித் தேய்கிறது. வெளியே கூட்டிப்போகும்போது பழைய காலுறையை வெட்டி மாட்டிவிடுகிறோம். வேகமாகத் திரும்பினால் விழுவாள். எழுந்து, யாரும் பார்க்கவில்லையே என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவாள். சிறுநீர் மாசிக் கடைசியிலேயே தன் போக்கில் வரத் தொடங்கிவிட்டது. அந்த நாலு தடவை வேலை நின்ற அன்று அம்மா மத்தியானம் படுத்துத் தூங்கியதாக அப்பா ஒரு புகார் மாதிரி சொன்னார். காப்பி நேரத்துக்கு வரவில்லையாம்.

அந்த வருஷம் ஜூன் 12க்கு மேட்டூர் திறக்கவில்லை. ஜூலை 28க்குத்தான் திறந்தார்கள். கடைமடையில் எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஆடி மாதம். தொட்டித் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று அம்மா அடியில் துணி அடைத்திருந்த துளையைத் திறந்து தென்னைக்குப் பாய விடுவாள். செவலைக்குத் தொட்டி வாரம் ஒரு தடவை போதும் என்றாகியிருந்தது.

ஒரு புதன்கிழமை ஆபீஸில் மின்சாரம் போய், மூன்றரைக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பா கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். கொல்லைக் கதவு திறந்திருந்தது. செவலை கருங்கல் படிக்குப் பக்கத்தில் நிழலில் படுத்திருந்தாள், உடம்பு காய்ந்திருந்தது. தொட்டிக்குள் அம்மா நின்றாள். புடவையை முழங்காலுக்குமேல் சொருகிக்கொண்டு, ஒரு கையால் விளிம்பைப் பிடித்தபடி, இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நடந்தாள். திரும்பினாள். மறுபடி நடந்தாள். உதடு அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் இடுப்பைப் பிடித்துக்கொள்ளாமல் நடந்து நான் பார்த்து எத்தனையோ வருஷமாகியிருந்தது.

என்னைப் பார்த்ததும் புடவையை இறக்கிவிட்டாள். கீழ்விளிம்பு தண்ணீரில் நனைந்து பரவியது.

"நாய்க்குத்தான் போட்டேன். அது இன்னிக்கு எறங்க மாட்டேன்னுடுச்சு" என்றாள். "தண்ணி சூடா இருந்துச்சு. சும்மா கொட்டணுமேன்னு."

"எத்தன நிமிஷம்மா?"

"ஏழு."

பையைத் திண்டில் வைத்துவிட்டு நோட்டை எடுத்துவரப் போனேன்.